ஆலைக்குள் இருந்த மருந்து அறிவு வகுப்பறைக்கு வந்த கதை

நாய் கடித்துவிட்டால் தொப்புளைச் சுற்றி ஊசி போடுவார்கள் என்ற பயம் நம் கிராமங்களில் இன்னும் முழுதாகப் போகவில்லை. நடுத்தர வயதைத் தாண்டியவர்களைக் கேட்டால் அந்த வலியைச் சொல்வார்கள். ஆட்டு மூளையில் வெறிநோய்க் கிருமியை வளர்த்துத் தயாரித்த தடுப்பு மருந்து அது. பத்து நாள், பதினான்கு நாள் என்று விடாமல் வயிற்றில் போட வேண்டும். தினக்கூலிக்குப் போகிற ஒருவருக்கு அத்தனை நாள் ஆஸ்பத்திரிக்கு நடப்பது என்றால் அத்தனை நாள் அடுப்பு எரியாது என்று பொருள். சிலருக்கு அந்த மருந்தாலேயே நரம்பு பாதித்து கை கால் விழுந்துபோனதும் உண்டு.

இன்று அரசு மருத்துவமனையில் கையில் சிறிய ஊசி. நான்கு முறை போனால் போதும். இடையில் என்ன நடந்தது? ஆட்டு மூளை போய், அதன் இடத்துக்குச் செல் வந்தது. நீலகிரி மாவட்டம் குன்னூரில் 1907-ல் தொடங்கிய பாஸ்டர் நிறுவனம், பழைய முறையைக் கைவிட்டு 'வெரோ' என்ற செல்களில் கிருமியை வளர்த்துத் தடுப்பூசி தயாரிக்கும் முறைக்கு மாறியது. ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து, 1962-ல் ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்தில் பிரித்தெடுத்த செல்கள் அவை. அந்தக் குரங்கு செத்து அறுபது ஆண்டுகள் ஆகிவிட்டன. அதன் செல்களின் வாரிசுகள் உலகம் முழுக்க இன்றும் பெருகிக்கொண்டிருக்கின்றன.

குரங்கு, எலி, மனிதர் போன்ற பாலூட்டிகளின் செல்களை உடலுக்கு வெளியே வளர்த்து, அவற்றைக் கொண்டு மருந்து செய்வது இன்று ஒரு பெரிய துறை. டயாலிசிஸ் செய்துகொள்ளும் சிறுநீரக நோயாளிக்கு ரத்தம் ஊறுவதற்காகப் போடும் எரித்ரோபொய்ட்டின் ஊசி, மார்பகப் புற்றுக்கான டிராஸ்டுசுமாப், ரத்தம் உறையாத நோய் உள்ளவர்களுக்குத் தரும் எட்டாவது காரணி எல்லாம் இந்த வழியில் தயாராகின்றன. மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குப் போய் வரும் ஏழை நோயாளிக்கும் இந்தத் துறைக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. ஆனால் மருந்தை வாங்கும் வரிசையில் நிற்கும் நம் மக்கள், அதைத் தயாரிக்கும் இடத்தில் எத்தனை பேர் நிற்கிறார்கள்? அந்தக் கேள்விக்காகத்தான் ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கைப் பணியை இன்று பார்க்கிறோம். அவர் பெயர் ஃப்ளோரியன் வூர்ம். ஜெர்மனியில் படித்து, அமெரிக்காவில் மருந்து நிறுவனத்தில் வேலை பார்த்து, சுவிட்சர்லாந்தில் பேராசிரியரானவர்.

செல்லை ஏன் நாட வேண்டும்?

சர்க்கரை நோய்க்கான மனித இன்சுலினை 1982 முதல் பாக்டீரியாவைக் கொண்டு தயாரிக்கிறார்கள். இன்சுலின் செய்யும் மரபணுவை பாக்டீரியாவுக்குள் வைத்தால், அது தன் வேலையோடு இன்சுலினையும் செய்து தருகிறது. பாக்டீரியா வளர்ப்பதும் சுலபம். இருபது நிமிடத்தில் ஒன்று இரண்டாகும்.

ஆனால் எல்லாப் புரதமும் இன்சுலின் போல எளிமையானதல்ல. நம் உடலில் உள்ள பல புரதங்கள் பெரியவை. சரியான விதத்தில் மடங்க வேண்டும். அவற்றின் மேல் சர்க்கரைச் சங்கிலிகள் ஒட்ட வேண்டும். அந்தச் சர்க்கரை இல்லையென்றால் மருந்து உடலில் நிற்காது, அல்லது வேலை செய்யாது. இந்த வேலையை பாக்டீரியாவால் சரிவரச் செய்ய முடியாது. பாலூட்டியின் செல்லுக்குத்தான் அந்தக் கைப்பக்குவம் உண்டு.

சிக்கல் என்னவென்றால் இந்தச் செல்களை வளர்ப்பது கைக்குழந்தையை வளர்ப்பது போன்றது. 37 டிகிரி வெப்பம் மாறக்கூடாது. சர்க்கரை, அமினோ அமிலம், உப்பு, வைட்டமின் எல்லாம் அளவோடு கலந்த திரவம் வேண்டும். ஒன்று இரண்டாக ஏறக்குறைய ஒரு நாள் பிடிக்கும். அதற்குள் ஒரே ஒரு பாக்டீரியா உள்ளே நுழைந்துவிட்டால் மொத்தத் தொட்டியும் பாழ். அதனால் இந்த ஆய்வகத்தில் பேராசிரியரும் கையுறை போட வேண்டும், குடுவை கழுவுபவரும் போட வேண்டும். இங்கே தீட்டு என்பது கிருமி மட்டும்தான். அது யார் வீட்டுப் பிள்ளை என்று பார்த்து வருவதில்லை.

எலியும் ஏழைத் தாயும்

இந்தத் துறையின் உழைப்பாளி ஒரு சிறிய எலியின் செல். சீனாவில் திரியும் ஹாம்ஸ்டர் என்ற எலி வகை அது. 1957-ல் அமெரிக்க விஞ்ஞானி தியோடர் பக், அப்படிப்பட்ட ஒரு பெண் எலியின் சினைப்பையிலிருந்து செல்களை எடுத்து வளர்த்தார். சி.எச்.ஓ. செல் என்று அதற்குப் பெயர். இன்று உலகில் விற்கும் பெரிய புரத மருந்துகள் பலவும் இந்தச் செல்லின் வாரிசுகளில் தயாராகின்றன.

பக்கிற்கு இந்தத் திறமை எங்கிருந்து வந்தது? ஒரே ஒரு செல்லைத் தனியாகப் பிரித்து அதிலிருந்து ஒரு கூட்டத்தையே வளர்க்கும் முறையை, இரண்டு ஆண்டுகளுக்கு முன் 1955-ல் அவரும் சக ஆய்வாளர் பிலிப் மார்கஸும் உருவாக்கியிருந்தார்கள். அதைப் பழகிப் பார்த்தது 'ஹீலா' என்ற மனிதச் செல்லில். அந்தச் செல் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணுடையது. புகையிலைத் தோட்டத்தில் உழைத்து வளர்ந்தவர், ஐந்து பிள்ளைகளின் தாய். 1951-ல் கருப்பை வாய்ப் புற்றுக்காக பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்குப் போனார். கறுப்பர்களுக்குத் தனி வார்டு இருந்த காலம். அவரைக் கேட்காமலே அவருடைய கட்டியிலிருந்து துணுக்கு எடுத்தார்கள். அதே ஆண்டு 31 வயதில் அவர் இறந்துபோனார். செல்கள் சாகவில்லை. உலகமெங்கும் ஆய்வகங்களுக்குப் போயின, விலைக்கும் விற்கப்பட்டன. குடும்பத்துக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒன்றும் தெரியாது. அந்தச் செல்களை விற்றுவந்த ஒரு பெரிய நிறுவனத்தோடு அவரது வாரிசுகள் வழக்காடி உடன்பாடு கண்டது 2023-ல்தான்.

இந்த வரலாற்றை ஏன் சொல்கிறோம்? ஒடுக்கப்பட்டவர்களின் உடலும் உழைப்பும் அறிவியலுக்கு எப்போதும் தேவைப்பட்டிருக்கிறது. அவர்களின் மூளைக்கு மட்டும் இருக்கை போடத் தயங்கியிருக்கிறார்கள். சேரியிலிருந்து ஆய்வகத்துக்குப் போக நினைக்கும் மாணவருக்கு இது புதிதாகத் தெரியாது.

ஆலையில் கற்ற தொழில்

வூர்ம் கதைக்கு வருவோம். 1980களில் கலிபோர்னியாவில் ஜெனென்டெக் என்ற நிறுவனம், மாரடைப்பு வந்தவரின் ரத்தக் குழாயில் அடைத்த கட்டியைக் கரைக்கும் டி.பி.ஏ. என்ற புரதத்தைத் தயாரிக்க முயன்றது. அதற்கு சி.எச்.ஓ. செல்தான் தொழிலாளி. 1987 நவம்பரில் அமெரிக்க அரசு அந்த மருந்துக்கு அனுமதி தந்தது. மரபணு மாற்றிய பாலூட்டிச் செல்லில் தயாராகி அங்கே விற்பனைக்கு வந்த முதல் புரத மருந்து அது. பின்னாளில் மூளை ரத்தக் குழாய் அடைப்பால் வரும் பக்கவாதத்துக்கும் அதே மருந்து பயன்பட்டது.

அந்தக் காலத்தில் அந்த நிறுவனத்தில் செல் வளர்ப்புச் செய்முறைகளை உருவாக்கும் பிரிவில் வேலை பார்த்தவர் வூர்ம். எந்த மரபணுவை எப்படிச் செல்லுக்குள் சேர்ப்பது, லட்சக்கணக்கான செல்களில் நன்றாக விளையும் ஒன்றை எப்படித் தேர்ந்தெடுப்பது, சிறு குடுவையில் வளர்ந்ததை ஆயிரக்கணக்கான லிட்டர் எஃகுத் தொட்டிக்கு எப்படிக் கொண்டுபோவது என்பதெல்லாம் அங்கே தினசரி வேலை. விதை பொறுக்கி, நாற்றங்காலில் விட்டு, நடவு வயலுக்குக் கொண்டுபோகும் விவசாயியின் கணக்குதான் இது. வயலுக்குப் பதில் தொட்டி.

இந்த அறிவு அப்போது பெரும்பாலும் நிறுவனங்களின் மதில் சுவருக்குள் இருந்தது. செல்லை எதில் வளர்க்கிறார்கள், திரவத்தில் என்ன கலக்கிறார்கள் என்பதெல்லாம் வியாபார ரகசியம். பல்கலைக்கழகத்தில் உயிரியல் படித்த மாணவருக்குச் செல்லைப் பற்றித் தெரியும், அதைக் கொண்டு மருந்து செய்யும் கைவேலை தெரியாது. கைவேலை தெரிந்தவர்கள் வெளியே பேச மாட்டார்கள்.

1995-ல் வூர்ம் ஆலையை விட்டு வகுப்பறைக்கு வந்தார். சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் உள்ள கூட்டாட்சித் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில் உயிர்த்தொழில்நுட்பப் பேராசிரியரானார். மருந்து நிறுவனத்தில் இருப்பவர் கல்லூரிக்கு வருவது அரிது. கல்லூரியில் இருப்பவர் நிறுவனத்துக்குப் போவதுதான் வழக்கம். அவர் எதிர்த் திசையில் நடந்ததால் பல நாட்டு மாணவர்களுக்கு அந்தக் கைவேலை கிடைத்தது.

குடுவையை எளிமையாக்கியவர்

அவர் கையில் எடுத்த வேலைகளில் ஒன்று, மரபணுவைச் செல்லுக்குள் சேர்க்கும் ஒரு பழைய முறை. கால்சியம் கரைசலில் மரபணுவைக் கலந்து, பாஸ்பேட் கரைசலோடு சேர்த்தால் கண்ணுக்குத் தெரியாத நுண்பொடி உண்டாகும். செல் அந்தப் பொடியை விழுங்கும்போது மரபணுவும் உள்ளே போய்விடும். செலவு மிகக் குறைவு. ஆனால் ஒரு நாள் பலிக்கும், மறுநாள் பலிக்காது. 1996-ல் வூர்மும் அவருடைய குழுவும் அதற்குக் காரணத்தைக் கண்டு எழுதினார்கள். இரண்டு கரைசலையும் கலந்தபின் எவ்வளவு நேரம் காத்திருக்கிறோம், எந்த வெப்பத்தில் கலக்கிறோம் என்பதில்தான் சூட்சுமம். சில நிமிடம் கூடிவிட்டாலே பொடி பெரிதாகிச் செல்லுக்குள் போகாது. இட்லி மாவு புளிக்கும் பதம் தெரிந்த வீட்டுக்காரருக்கு இது புரியும். அந்தப் பதத்தை எழுதிவைத்ததால் யாரும் செய்யலாம் என்றானது. 2002-ல் அதே குழு 100 லிட்டர் அளவில் இந்த முறையைச் செய்து காட்டியது.

அடுத்தது பாத்திரம். செல் வளர்க்கும் பயோரியாக்டர் என்ற எஃகுத் தொட்டிக்குக் கலக்கும் விசிறி, காற்றுக் குழாய், அளவுக் கருவி என்று பெரும் செலவு. ஒரு சின்னக் கல்லூரியால் ஒன்றுகூட வாங்க முடியாது. வூர்ம் குழு வேறு வழி பார்த்தது. சாதாரணச் சதுரக் கண்ணாடிப் பாட்டிலில் திரவத்தை ஊற்றி, வட்டமாகச் சுழன்று குலுக்கும் மேடையில் வைத்தார்கள். பாட்டிலின் மூலைகளில் மோதித் திரவம் தானே கலங்கும், மேற்பரப்பிலிருந்து காற்றை உறிஞ்சிக்கொள்ளும். செல்கள் நன்றாக வளர்ந்தன. 2005-ல் இதை ஆய்விதழில் வெளியிட்டார்கள். அதையும்விடச் சிறிதாக, மூடியில் துளை உள்ள 50 மில்லி பிளாஸ்டிக் குழாய்களிலும் வளர்த்தார்கள். ஒரே மேடையில் நூற்றுக்கணக்கான குழாய்களை வைத்து ஒரே வாரத்தில் அத்தனை சோதனையும் பார்க்கலாம். மறுபக்கம், அதே குலுக்கும் தத்துவம் நூற்றுக்கணக்கான லிட்டர் பிளாஸ்டிக் பை வரைக்கும் வளர்ந்தது.

நம் மாணவர்கள் இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. விலை உயர்ந்த கருவி இருந்தால்தான் அறிவியல் என்று நினைத்து ஒதுங்குகிறோம். உலகப் புகழ் பெற்ற ஆய்வகத்தில் மாணவர்கள் பாட்டிலைக் குலுக்கித்தான் கண்டுபிடித்தார்கள்.

50 மில்லிகிராமும் 4.7 கிராமும்

வூர்ம் பெயரை உலகம் அதிகம் அறிந்தது 2004-ல் 'நேச்சர் பயோடெக்னாலஜி' இதழில் அவர் எழுதிய ஒரு கட்டுரையால். அதில் ஒரு ஒப்பீடு. 1986-ல் ஒரு லிட்டர் திரவத்திலிருந்து ஏறக்குறைய 50 மில்லிகிராம் புரதம் கிடைத்தது. 2004-ல் 4.7 கிராம் வரை கிடைத்தது. ஏறத்தாழ நூறு மடங்கு. முன்பு ஒரு மில்லியில் 20 லட்சம் செல் வளர்ந்த இடத்தில், பிறகு ஒரு கோடிக்கும் மேல். ஏழு நாளில் ஓய்ந்துபோன செல் மூன்று வாரம் வரை உழைத்தது.

இது ஏதோ ஓர் அதிசய மரபணுவால் வந்ததல்ல என்பதுதான் அந்தக் கட்டுரையின் சாரம். திரவத்தில் எது எவ்வளவு, எப்போது ஊட்டுவது, எந்தச் செல்லைத் தேர்ந்தெடுப்பது என்று ஆயிரம் பேர் இருபது ஆண்டு செய்த பொறுமையான வேலையின் பலன். விளைச்சல் கூடினால் தயாரிப்புச் செலவு குறைய வழி பிறக்கும். புற்றுக்கான டிராஸ்டுசுமாப் இந்தியாவுக்கு வந்த புதிதில் ஒரு குப்பியின் விலை லட்ச ரூபாயைத் தொட்டது. இந்திய நிறுவனங்களே இப்படிப்பட்ட மருந்துகளை ஒத்த மருந்துகளைச் செய்யக் கற்றுக்கொண்டபின், ரிட்டுக்சிமாப் 2007-லும் டிராஸ்டுசுமாப் 2014-லும் குறைந்த விலையில் சந்தைக்கு வந்தன. இன்னும் ஏழைக்கு எட்டும் விலை அல்ல. ஆனால் தொழில் அறிந்தவர்கள் கூடக் கூட விலை இறங்கும் என்பதற்கு அது சாட்சி.

'ஒரே செல்' என்ற நம்பிக்கை

மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் நிறுவனங்களிடம் ஒன்று கேட்பார்கள்: உங்கள் தொட்டியில் உள்ள எல்லாச் செல்லும் ஒரே தாய்ச் செல்லிலிருந்து வந்ததா? ஒரே தாய் என்றால் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும் என்பது நம்பிக்கை. வூர்ம் 2013-ல் எழுதிய கட்டுரையில் இந்த நம்பிக்கையைக் கேள்வி கேட்டார். சி.எச்.ஓ. செல்களின் குரோமோசோம்கள் ஓயாமல் மாறுகின்றன. ஒற்றைச் செல்லிலிருந்து தொடங்கினாலும் சில தலைமுறையில் கூட்டத்தில் பல வகை கலந்துவிடும். ஆகவே பிறப்பைப் பார்ப்பதைவிட, தொட்டியிலிருந்து வரும் மருந்து தரமாக இருக்கிறதா, ஒவ்வொரு முறையும் அதே தரத்தில் வருகிறதா என்று பாருங்கள் என்பது அவருடைய வாதம்.

அவர் பேசியது எலிச் செல்லைப் பற்றி. அதை அப்படியே மனிதர் மேல் ஏற்ற வேண்டியதில்லை. ஆனாலும் பிறப்பின் தூய்மையைக் காட்டி இருக்கை ஒதுக்கும் சமூகத்தில் வாழும் நமக்கு, அந்த வாதம் காதில் விழாமல் போகாது.

நம் பிள்ளைகளுக்கு வழி என்ன?

வூர்ம் வாழ்க்கைப் பணியை ஒரு வரியில் சொன்னால், சுவருக்குள் இருந்த அறிவைப் பாடமாக்கினார். பாடமாகிவிட்ட அறிவு யாருக்கும் உரியது. ஆனால் பாடம் திறந்திருந்தால் மட்டும் போதாது, பள்ளிக் கதவும் திறந்திருக்க வேண்டும். அண்ணல் அம்பேத்கர் 1913-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனது பரோடா மன்னரின் உதவித்தொகையால். திறமை அவரிடம் இருந்தது, கப்பல் ஏற்றிவிட ஒரு கை தேவைப்பட்டது.

இந்தத் துறைக்கு வர டாக்டர் சீட் தேவையில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியலும் வேதியியலும் ஊன்றிப் படித்து, பி.எஸ்சி.யில் விலங்கியல், நுண்ணுயிரியல், உயிர்வேதியியல், உயிர்த்தொழில்நுட்பம் என எது கிடைத்தாலும் தொடங்கலாம். பி.டெக். உயிர்த்தொழில்நுட்பம் வேறொரு வழி. தமிழ்நாட்டில் பட்டியல் சமூகத்தாருக்கு 18 சதவீத இடஒதுக்கீடு உண்டு, அதற்குள் அருந்ததியருக்கு 3 சதவீதம். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் இருக்கிறது. எம்.எஸ்சி. உயிர்த்தொழில்நுட்பத்துக்கு மத்திய உயிர்த்தொழில்நுட்பத் துறை ஆதரிக்கும் இடங்களுக்கு 'கேட்-பி' என்ற நுழைவுத் தேர்வு. கிராமக் கல்லூரிகளில் இந்தத் தேர்வின் பெயரே பலருக்குத் தெரிவதில்லை. ஆசிரியர்கள் அறிவிப்புப் பலகையில் ஒட்டினாலே சிலர் எழுதுவார்கள்.

முனைவர் பட்டத்துக்குப் பட்டியல் சமூக மாணவர்களுக்கான தேசிய ஆய்வு உதவித்தொகை இருக்கிறது. வெளிநாடு போக மத்திய சமூகநீதி அமைச்சகத்தின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையும், தமிழக ஆதிதிராவிடர் நலத்துறையின் உதவியும் இருக்கின்றன. மத்திய அரசுத் திட்டத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். நாடு முழுமைக்கும் 125 இடங்கள், அதில் பட்டியல் சமூகத்துக்கு 115. இவ்வளவு பெரிய நாட்டுக்கு இது கைப்பிடி அளவு. அதைக் கூட்டச் சொல்லிக் கேட்பது நம் அரசியல் கடமை, இருப்பதை விடாமல் பிடிப்பது மாணவர் கடமை. வூர்ம் வேலை பார்த்த லொசான் போன்ற இடங்களில் முனைவர் பட்ட மாணவர் சம்பளம் பெறும் ஊழியர். அங்கே ஓர் இடம் கிடைத்தால் வீட்டிலிருந்து பணம் அனுப்பத் தேவையில்லை. இந்தச் செய்தியும் நம் பெற்றோருக்குப் போய்ச் சேருவதில்லை.

உள்ளே போனபிறகும் தடை உண்டு. எய்ம்ஸ் மருத்துவக் கல்லூரியில் பட்டியல் சமூக, பழங்குடி மாணவர்கள் எப்படி ஒதுக்கப்படுகிறார்கள் என்பதை 2007-ல் தோரட் குழு அறிக்கை பதிவு செய்தது. விடுதி, ஆய்வகம், வாய்மொழித் தேர்வு என்று எங்கும் அது நீண்டிருந்தது. ஆய்வு மாணவருக்கு வழிகாட்டி ஒப்பம் போடாவிட்டால் உதவித்தொகை நிற்கும். உதவித்தொகை நின்றால் படிப்பு நிற்கும். செல் வளர்ப்பு போன்ற துறையில் இது இன்னும் கூர்மை. ஏனென்றால் இதைப் புத்தகத்தில் மட்டும் படித்துக் கற்க முடியாது. மூத்தவர் பக்கத்தில் நின்று கையைப் பிடித்துக் கற்றுத்தர வேண்டும். மேடைக்குப் பக்கத்தில் நிற்க விடாமல் செய்தாலே ஒருவரின் படிப்பைக் கெடுத்துவிடலாம். ஆகவே இடஒதுக்கீட்டில் சேர்த்ததோடு கல்லூரியின் கடமை முடிவதில்லை. குடுவையைக் கையில் கொடுத்தார்களா, மாதாமாதம் உதவித்தொகை வந்ததா, ஆய்வுக் கட்டுரையில் பெயர் சேர்த்தார்களா என்று கேட்க வேண்டும். மாணவர் அமைப்புகளும் ஊர்ப் பெரியவர்களும் இந்தக் கேள்விகளைக் கேட்கப் பழக வேண்டும்.

'இதைப் படித்தால் என்ன வேலை?' என்று வீட்டில் கேட்பார்கள். பதில் இருக்கிறது. தடுப்பூசி நிலையம், மருந்து ஆலை, தரக் கட்டுப்பாட்டு ஆய்வகம், கல்லூரி, அரசின் மருந்து ஆய்வுத் துறை எல்லாம் செல் வளர்க்கத் தெரிந்தவரைத் தேடுகின்றன. ஐதராபாத், பெங்களூரு, புனே ஆகிய ஊர்களில் இந்த ஆலைகள் வளர்ந்திருக்கின்றன. அங்கே பெருக்கவும் கழுவவும் மட்டும் நம் ஆட்கள் போகும் நிலை மாற, இப்போது பதினொன்றாம் வகுப்பில் உயிரியல் எடுத்திருக்கும் பிள்ளையிடமிருந்து தொடங்க வேண்டும். வரும் சனிக்கிழமை கல்லூரி நூலகத்திலோ கணினி மையத்திலோ உட்கார்ந்து, உதவித்தொகைகளின் விண்ணப்பத் தேதியையும் 'கேட்-பி' தேர்வின் பாடத்திட்டத்தையும் ஒரு நோட்டில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் இரண்டையும் தேதி நெருங்கும் முன் வாங்கிவிடுங்கள். பலர் வாய்ப்பை இழப்பது மதிப்பெண்ணால் அல்ல, கடைசி நாளில் தாலுகா அலுவலகத்தில் நிற்பதால்.